நகவெட்டி

வல்பராய்சோவின் மேட்டுத் தெருக்களில்
முகவரி என்பது படிகளின் எண்ணிக்கை.
நிபால்தோ ஒயார்சுனுக்கு நூற்று அறுபத்து நாலு.
இருபத்திரண்டு வருஷம் அந்தப் படிகளில்
ஊராருக்குக் கேஸ் சிலிண்டர் சுமந்தவர்.
ஒரு ஜூன் மழையில்
சிலிண்டர் முன்னால் உருண்டது, பின்னாலேயே அவர்.
முட்டிச் சில்லு மூன்றாகப் பிளந்தது.

அறுவை மருத்துவர் கம்பியால் கட்டித் தைத்துவிட்டுக்
கையைக் கழுவிக்கொண்டார்.
மிச்சம் என்னிடம் வந்தது.

என் பெயர் யாஸ்னா.
மருந்துச்சீட்டு எழுத எனக்கு உரிமையில்லை.
என்னிடம் இருப்பவை
ஒரு கோணமானி, ஒரு பச்சை ரப்பர் பட்டை,
இரண்டு கட்டைவிரல்கள்,
‘இன்னும் இருபது’ என்று சொல்லும் வாய்.

முதல் நாள் முப்பத்தைந்து டிகிரி.
அலசாமல் காயப்போட்ட ஜீன்ஸ் போல
விறைத்துக் கிடந்தது கால்.
குதிகாலை இழுங்கள். விடுங்கள்.
இழுங்கள்.
கூரையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.
துறைமுகத்துச் சரக்கு, உப்புக் கரித்தது.
நான் எண்ணுவதை நிறுத்தவில்லை.

நான்காவது வாரம் எழுபத்தெட்டு.
ஐந்தாவது வாரம் எழுபத்தெட்டு.
ஆறாவது வாரம் எழுபது.

வீட்டில் செய்கிறீர்களா?
தினமும். மூன்று வேளை. சத்தியமாக.
வாய் அப்படித்தான் சொல்லும்,
முட்டிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.
சில்லை விரல்களால் நகர்த்தினேன்,
ஈரத்தில் உப்பிய இழுப்பறை மாதிரி
பாதியில் நின்றது.

திட்டுவதற்கு வார்த்தைகள்கூடத் தயார்.
அவர் சன்னல் வழியே கிரேன்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
இது மடங்கினால் சிலிண்டர்.
மடங்காவிட்டால் இந்தக் கட்டில்.
நீ யாருக்காகப் பாடுபடுகிறாய்,
எனக்கா, கேஸ் கம்பெனிக்கா?

ஐந்து வருஷப் படிப்பில்
இந்தக் கேள்விக்குப் பாடம் வைக்கவில்லை.
மேசையில் கம்பெனியின் படிவம் கிடந்தது.
பணிக்குத் தகுதி. தகுதியில்லை.
இரண்டே கட்டங்கள்.
மனுஷன் சும்மா நிற்க அதில் இடமில்லை.

பட்டையைச் சுருட்டி வைத்தேன்.
சிலிண்டரை விடுங்கள், என்றேன்.
முட்டி முழுசாகக் கிடைத்தால்
முதலில் என்ன செய்வீர்கள்?

கால்பந்து, படகு, யாரோடாவது ஒரு நடனம்,
அப்படி ஏதாவது எதிர்பார்த்தேன்.
வெகுநேரம் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நகம் வெட்டுவேன்.

தங்கை ரொசௌராதான் வெட்டுகிறாளாம்,
ஞாயிற்றுக்கிழமைகளில்,
பாதத்தை மடியில் வைத்து, ரேடியோ கேட்டபடி.
ஒரு வார்த்தை குறைசொல்ல மாட்டாளாம்.
அதுதான் தாங்கவில்லை, என்றார்.

குறிப்பேட்டில் ‘இலக்கு’ என்ற இடத்தில்
‘படியேறுதல்’ என்றிருந்ததை அடித்தேன்.
எழுதினேன்:
வலது கால், ஐந்து நகங்கள்.

அன்றிலிருந்து முட்டி ஒழுங்காய் நடந்துகொண்டது
என்று சொல்லமாட்டேன்.
வீங்கியது. ஐஸ் வைத்தோம்.
ஒரு செவ்வாய்க்கிழமை முழுசும் வீண்.
எண்பத்தொன்பது. தொண்ணூற்று மூன்று.
தொண்ணூற்று மூன்றிலேயே பதினொரு நாள்.
இரவில் என் கட்டைவிரல் மூட்டுகள் விண்ணென்று தெறித்தன,
அவற்றுக்கும் ஐஸ் வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒருநாள்
சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தார்.
சாவிக்கொத்தில் தொங்கும் மலிவான நகவெட்டி.
கட்டிலில் உட்கார்ந்து குதிகாலை இழுத்தார்,
இன்னும் கொஞ்சம்,
முகம் சிவக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு.
மூச்சை விடுங்கள், என்றேன்.
விட்டார்.

டிக்.

பெருவிரல் நகம் தெறித்து எங்கே விழுந்ததென்று
இருவருக்கும் தெரியவில்லை.
கோணமானியை எடுத்தேன்,
வேண்டாம் என்று கையசைத்தார்.
மூன்று வெட்டினார். வியர்த்துவிட்டது.
மிச்சம் நாளைக்கு என்று காலுறையை மாட்டினார்,
தானே.

மாலையில் கம்பெனியிலிருந்து போன்.
ஒயார்சுன் எப்போது வேலைக்கு வருவார்?

இப்போது சொல்ல முடியாது, என்றேன்.
இன்னும் இரண்டு நகம் பாக்கி இருக்கிறது.